தொண்ணூற்றைந்து என்று சொல்லிவிட்டுப் போனேன்

என் அப்பாவுக்கு, குற்றாலத்து அருவிக்கரையில் இருபது சீசன் விசில் ஊதிய ஏட்டையாவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. மூன்று நாளாகத் தென்காசியில் வெயில் இல்லை. கொடியில் போட்ட சட்டை காயவில்லை. வாசல் கதவு ஊறிப்போய்ச் சாத்த வரவில்லை. பெரிய அருவியில் நீங்கள் நின்ற இடத்தில் இப்போது ஓர் இளம் காவலர் நிற்கிறார். விசில் கழுத்தில் தொங்குகிறது, கண் போனில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிருக்காது.

செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காக்கா வந்து சோறெடுக்கும்வரை மற்றவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்டு உங்களிடம் திட்டு வாங்கியவன் நான். இப்போதும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் "விடுப்பா, மனசப் போட்டு அலட்டிக்காத" என்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பெட்டிஷன் வந்தால் முழுசாகப் படிக்கிற ஆள் நீங்கள்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். விரலில் கிளிப்பை மாட்டி, எண்ணைப் படித்துக் காட்டி, வீட்டிலிருக்கும் நோயாளியின் வாயை அடைக்கிற ஆட்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள். அவர்களும் கேட்கட்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் நான் இதுவரை சொன்னதில்லை.

ஸ்டேஷன் டீயும் சிகரெட்டுமாக முப்பது வருடம். கடைசியில் உங்கள் நுரையீரல் காற்றை வாங்கி வைத்துக்கொண்டது, வெளியே விட மறந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார். ஊதிக் கட்டிய பலூன் மாதிரி இருந்தது. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. அதை எடுத்து நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பயோமெடிக்கல் படித்தவன் அல்லவா? வீட்டிலிருந்தே ஒரு மருத்துவக் கருவி கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாததா?

"ஏலே, மூச்சு முட்டுதுலே."

"கையக் காட்டுங்க. தொண்ணூத்தாறு. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு அது சொல்லுதா, நீ சொல்லுதியா?"

"ரெண்டு பேரும்தான் சொல்லுதோம்."

"எங்க ஸ்டேஷன்ல ஒரு எஸ்.ஐ. இருந்தாரு. அடி வாங்கிட்டு வந்து நிப்பான் ஒருத்தன். 'உன்னப் பாத்தா அடி வாங்குன மாதிரி தெரியலையே'ம்பாரு. அவருக்குப் பொறவு உன்னையத்தாம்லே பாக்கேன்."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

கோயில் வாசல் ஞாபகம் இருக்கிறதா? காசி விஸ்வநாதர் கோபுரத்துக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளும். உள்ளே போகும்போது எதிரே வந்து மோதும், நடுவில் போனால் முதுகைப் பிடித்துத் தள்ளும். ஊரார் எல்லோருக்கும் தெரிந்த காற்று. கடைசி வருடம் நீங்கள் சாமி கும்பிடப் போகவில்லை. அந்த வாசலில் உட்கார்ந்து வரத்தான் போனீர்கள்.

"என்னைய அங்கன கொண்டு விடுலே. அங்கன போனா மூச்சு வருது."

"அங்கன என்ன ஆக்சிஜன் கூடவா இருக்கு? ஊரெல்லாம் அதே இருவத்தோரு பர்சன்ட்தான்."

"பர்சன்ட்ட நீயே வச்சுக்கோ. என்னையக் கொண்டு விடு."

ஒருநாள் உங்களைப் பைக்கில் கூட்டிப்போனேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கிளிப்பை மாட்டிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு. கோபுர வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகும் மாட்டினேன். அதே தொண்ணூற்றாறு. "பாத்தீங்களா, ஒரு புள்ளி ஏறல. எல்லாம் மனசுதான்" என்று கேஸை முடித்தேன். உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தோள் இறங்கியிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. பத்து நாளில் முதல் தடவையாக முழு வாக்கியமாகப் பேசினீர்கள். இதெல்லாம் என் கண்முன்னால் நடந்திருக்கிறது. நான் உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வீட்டு வாசல் வரை நடக்கவும் முடியாமல் போயிற்று. அப்போதுதான் டேபிள் ஃபேனைக் கட்டிலோரம் இழுத்து வைத்துக்கொண்டீர்கள். சாரல் அடிக்கிற ஆனி மாதம்! ஊரே போர்வைக்குள் கிடக்கிறது, ஏட்டையா மட்டும் முகத்துக்கு நேரே ஃபேனை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். தலையாட்டுகிற குமிழை அமுக்கி, ஃபேன் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்துவிடுவீர்கள். உதட்டில் பழைய விசில் இருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் அதை நீங்கள் விடவில்லை. முட்டல் வரும்போது அதை உதட்டில் வைத்து, உள்ளே இருக்கும் குண்டு உருளாத அளவுக்கு மெதுவாக மூச்சை விடுவீர்கள். ஊதுகிற சத்தம் இல்லை. அதற்கு முந்திய சத்தம். ஃப்ஸ்ஸ் என்று.

அருவியில் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சடைத்துக் கையைக் காலை அடிக்கிறவர்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? "வெளிய விடு, வெளிய விடு! உள்ள இழுக்காத!" என்று கத்திக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து வெளியே போடுவீர்கள். நிஜமாகவே மூச்சு முட்டுகிறதா என்று யாரிடமும் விசாரித்ததில்லை. முதலில் இழுப்பு, பிறகுதான் விசாரணை.

நான் அந்த ஃபேனை நிறுத்தினேன். சளி கட்டும் என்றேன். சளி கட்டினால் ஆஸ்பத்திரி என்றேன். நான் அந்தப் பக்கம் போனதும் அம்மா அதைப் போட்டுவிடுவாள். திரும்பி வந்து நிறுத்துவேன். இரண்டு நாள் இந்த விளையாட்டு நடந்தது. மூன்றாம் நாள் ஃபேனைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அம்மாவுக்கு முட்டுவலி. ஏணியில் ஏற மாட்டாள். அது தெரிந்துதான் பரணில் வைத்தேன் அப்பா. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

அதற்கு மறுநாள் மத்தியானம். மூன்று மணி இருக்கும். அடுத்த அறையில் நான் மீட்டிங்கில் இருந்தேன். நோயாளியின் பக்கத்தில் வைக்கிற மானிட்டர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் கத்த வேண்டும் என்பதுதான் மீட்டிங். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசல் வரை வந்தீர்கள்.

"ஏலே. முட்டுதுலே. ரொம்ப."

மைக்கை அணைத்தேன். கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றைந்து. "தொண்ணூத்தஞ்சு. நார்மல்தான். போய்ப் படுங்க, மீட்டிங் இருக்கு" என்றேன். அம்மா உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். நான் மைக்கைப் போட்டேன்.

இருபது நிமிடம் கழித்து அம்மா "ஏலே" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் வந்தபோது அவள் கையில் தினசரி காலண்டர் இருந்தது, ஆணியிலிருந்து பிய்த்தெடுத்தபடி. அது ஏன் அவள் கையில் இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹார்ட் நின்றுவிட்டது என்றார் டாக்டர். திடீரென்று நடப்பதுதான், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதை நான் நம்புகிறேன். ஃபேன் உங்களைக் காப்பாற்றியிருக்காது. என் கேள்வி அதுவே இல்லை. அந்த இருபது நிமிடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி.

துட்டி கேட்டு வந்த எல்லோரிடமும் அம்மா ஒரே மாதிரி சொன்னாள். "எம்மவன் மிஷின வச்சுப் பாத்தான். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அவிய கஷ்டப்படாமப் போயிட்டாவ." மூன்று வருடமாக ஒவ்வொரு திதிக்கும் இதே சொல். அந்த ஒரு சொல்லுக்குள்தான் நானும் மூன்று வருடம் குடியிருந்தேன்.

இப்போது என் செய்தி. கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் குறைவு என்று வடகரை மாமா இன்றுவரை திட்டுகிறார். அங்கே என்ன ஆராய்ச்சி தெரியுமா? மூச்சுமுட்டல். நுரையீரலை அல்ல, மூளையை வைத்து.

எட்டு எழுதினது மாதிரி சுற்றிய ஒரு கம்பிச்சுருள். அதைத் தலைமேல் வைத்து விசையை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே ஒரு கண நேரம் காந்தம் எழுந்து அடங்கும். அது மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையில் ஒரு நாணயம் அளவு இடத்தைத் தட்டும். கத்தி இல்லை, ஊசி இல்லை. கையை அசைக்கிற இடத்துக்கு மேலே வைத்துத் தட்டினால் நம் கட்டைவிரல் நம்மைக் கேட்காமல் துள்ளும். முதல் தடவை பார்க்கிற யாரும் சிரித்துவிடுவார்கள்.

சும்மா இருக்கும்போது மூச்சு தானாக நடக்கும். அதற்கு மூளையின் அடித்தண்டு போதும். மூச்சு விடுவது கஷ்டமாகும்போது மேலே இருக்கிற சில இடங்களும் தோள் கொடுக்க வருகின்றன. உச்சந்தலைக்குச் சற்று முன்னால் அப்படி ஓரிடம். அதைக் காந்தத்தால் தட்டி அடக்கினால் முட்டல் குறைகிறதா, எழுப்பினால் கூடுகிறதா, அந்த வேதனை அங்கேதான் உண்டாகிறதா என்று பார்க்கிறோம். யாருக்கும் இன்னும் முழுப் பதில் தெரியாது. ஆனால் அங்கே சேர்ந்த முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. காற்று வாங்குவது நுரையீரலின் வேலை. முட்டுகிறது என்று அலறுவது மூளையின் வேலை. விரலில் மாட்டுகிற கிளிப்புக்கு இரண்டாவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அது பதில் சொன்ன கேள்வி வேறு.

முகத்தில் காற்று படுவதைப் பற்றியும் அங்கேதான் படித்தேன். கன்னத்திலும் மூக்கிலும் இருக்கிற நரம்பு, காற்று வருகிறது என்று மூளைக்குச் சொல்லுமாம். ரத்தத்தில் ஒரு புள்ளி ஏறாது. முட்டல் மட்டும் தணியும். கோபுர வாசலில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். படித்தவன் அதை மனப்பிரமை என்றேன்.

போன மாதம் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நோயில்லாத ஆட்களைத்தான் முதலில் சோதிப்பார்கள். ஆள் கிடைக்கவில்லை, நான் கையெழுத்துப் போட்டேன். மூக்கை ஒரு கிளிப்பால் மூடினார்கள். வாயில் ரப்பர் குழாய். குழாயில் ஒரு வால்வு, அதில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை முறுக்க முறுக்க, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுக்க வேண்டும். கையில் ஒரு நெம்பு, சின்னக் கைப்பிடி மாதிரி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை நகர்த்தலாம். எவ்வளவு முட்டுகிறது என்று வாயால் சொல்ல முடியாது அல்லவா, அதனால் நெம்பு. விரலில், பாதுகாப்புக்காக, உங்கள் பழைய எதிரி.

மூன்றுக்கு மேல் போகாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நான் அமைத்த வால்வு, நான் முறுக்கிய ஸ்பிரிங். எந்த நிமிடமும் குழாயைத் துப்பிவிடலாம். எல்லாம் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் நெம்பு ஆறில் இருந்தது. நான்காவது நிமிடத்தில் எட்டு. தெரிந்திருப்பது எதற்கும் உதவவில்லை அப்பா. உடம்பு முழுவதும் ஒரே ஒரு சொல்லாக ஆகிவிட்டது. அந்தச் சொல் வெளியே வர வழியில்லை.

அப்போதுதான் வால்வு சத்தம் போட்டது. ஃப்ஸ்ஸ். விசிலில் குண்டு உருளாமல் காற்று மட்டும் போகிற சத்தம்.

என்னோடு வேலை பார்க்கும் பவித்ரா பக்கத்தில் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். என் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்திருப்பாள் போல. தோளில் தட்டி, அன்பாகத்தான் சொன்னாள்: "தொண்ணூத்தெட்டு இசக்கி. எல்லாம் நார்மல். ஒண்ணுமில்ல."

என் விரலில் தொண்ணூற்றெட்டு. என் கையில் எட்டு.

அவளை அறைய வேண்டும்போல இருந்தது. பிறகு புரிந்தது, அவள் பேசியது என் வசனம்.

இரண்டாவது சுற்றில் தலையில் கம்பிச்சுருளை வைத்தார்கள். டக், டக், டக். பிறகு அதே வால்வு, அதே முறுக்கு. இந்த முறை நெம்பு ஐந்தைத் தாண்டவில்லை. ஒரே ஆள், ஒரே தடவை. இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதுமட்டுமில்லை. சில சுற்றுகளில் போலிச் சுருள் வைப்பார்கள். அதே எடை, அதே 'டக்' சத்தம், ஆனால் காந்தம் மூளைக்குப் போகாது. எனக்கு வைத்தது நிஜமா போலியா என்று எனக்குத் தெரியாது, பவித்ராவுக்கும் தெரியாது. அந்தக் குறிப்பு ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. ஆராய்ச்சி முடிந்தால்தான் பிரிப்பார்கள். டீ ஆறும்வரைகூடப் பொறுக்காத ஆள் நான். இப்போது அந்த உறையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிஜச் சுருள் என்றால், உங்கள் வேதனை நிஜமாகவே ஓரிடத்தில் இருந்தது, என் கை எட்டக்கூடிய இடத்தில் இருந்தது. போலி என்றால், யாரோ ஒருத்தர் தலைமாட்டில் நின்று எதையோ பிடித்துக்கொண்டிருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இதில் எதை நான் தாங்குவேன், நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை. ஆபீஸ் லிஃப்ட் கதவு மூடும்போது, பஸ்ஸின் கதவு திறக்கும்போது, குக்கர் விசிலடிப்பதற்கு முந்திய நொடியில். ஃப்ஸ்ஸ். திரும்பிப் பார்க்கிறேன். யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

திதிக்கு ஊருக்கு வந்தேன். இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் வந்தேன். அப்பா கஷ்டப்படாமல் போகவில்லை அம்மா, கஷ்டப்பட்டுத்தான் போனார், நான் பார்த்த எண் வேறெதற்கோ ஆனது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஆறுதல் போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு திதிக்கும் அந்தப் பொய்யை நான் சாட்சியாக நின்று கேட்க வேண்டும்.

காலையில் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுத்தேன். போகும்போது மாமா ஆட்டோவில் என் வேலையை விசாரித்துக்கொண்டே வந்தார்.

"ஏ மருமவனே, மண்டையில கரண்டு வச்சா மூச்சு வருமாக்கும்?"

"கரண்டு இல்ல மாமா, காந்தம்."

"காந்தமா? அப்போ ஒங்க அத்த மண்டையில ஒரு நாள் வையி. பேச்சு நிக்குதான்னு பாப்போம்."

"அத்தைட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிப்புடாத. எனக்கு மூச்சு நின்னுரும்."

அருவியில் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் விழுந்ததும் நெஞ்சு அடைத்தது. காற்று சுற்றிலும் இருக்கிறது, உள்ளே போகவில்லை. பின்னாலிருந்து அந்த இளம் காவலர் விசில் ஊதினார். "வெளிய வாங்க சார், மத்தவங்களும் குளிக்கணும்லா!" நான் வெளியே வந்துவிட்டேன். யாரும் என் விரலைப் பிடித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் படையல் முடிந்து, மாமா சாப்பிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று அவரிடம் வழக்கம்போல ஆரம்பித்தாள், "என்னவோ, அவிய கஷ்டப்படாமப் போனாவ" என்று. அவர் போனதும் நான் சொல்லிவிட்டேன். உட்காரக்கூட வைக்கவில்லை. வாசல் கதவைச் சாத்த முடியாமல் தள்ளிக்கொண்டே சொன்னேன். நெம்பு, எட்டு, தொண்ணூற்றெட்டு, எல்லாம்.

அம்மா அழவில்லை. இலையை எடுத்து மடித்தபடியே கேட்டாள்.

"இதக் கண்டுபிடிக்கத்தான் மெட்ராசுக்குப் போனியாக்கும்?"

"உனக்குத் தெரியுமா?"

"ஏலே, அவிய கைய நான்லா பிடிச்சுக்கிட்டு இருந்தேன். தெரியாமலா இருக்கும்?"

"பொறவு எதுக்கு ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

"ஊருக்கா சொன்னேன்? நீ அந்த மிஷின கையில வச்சுக்கிட்டு நின்ன பாரு, மரம் மாதிரி. எத்தன தடவ அத அமுக்கி அமுக்கிப் பாத்த! இவனையும் சேத்துப் பறிகொடுத்துருவோமோன்னு இருந்துச்சு எய்யா. அதாஞ் சொன்னேன். சொன்னதத்தான் பொறவும் சொல்லணும்லா."

அவள் காப்பாற்றிவந்த பொய் அவளுக்கானது இல்லை அப்பா. அது எனக்கு.

காலண்டரைப் பற்றிக் கேட்டேன். "வீசினேன். கை மாத்தி கை மாத்தி வீசினேன். அவியளுக்கு முகத்துல காத்து வேணும். வேற என்ன இருக்கு கைக்கு எட்டுன இடத்துல?"

"என்னையக் கூப்பிட்டிருக்கலாம்லா."

"கூப்பிடப் போனேன். கையப் பிடிச்சு இழுத்தாவ. 'அவனக் கூப்பிடாத, மீட்டிங்ல இருக்கான்'னாவ."

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"ஃபேனக் கேட்டாவளா?"

அம்மா மடித்த இலையைக் கீழே வைத்தாள். "கேக்கல," என்றாள். "பரணத்தான் பாத்துக்கிட்டே இருந்தாவ."

இருபது நிமிடம். அதுதான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்தது. மூளையில் எந்த இடம் என்று காந்தம் வைத்துத் தேடினேன். நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அம்மாவிடம் இருந்திருக்கிறது.

ஏணியைப் போட்டு ஃபேனை இறக்கினேன். போர்வையில் பல்லி முட்டை. கம்பிக்கூடு துருப்பிடித்திருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் முனகியது, சுற்றவில்லை. பென்சிலால் இறக்கையைத் தள்ளிவிட்டேன். கடகடவென்று கிளம்பியது.

"யாருக்குலே இப்ப அது? சாரல் அடிக்குல்லா."

"சும்ம."

உங்கள் கட்டிலோரம், நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்தேன். குமிழை அமுக்கித் தலையாட்டாமல் பண்ணினேன். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வந்து கட்டிலில் உட்கார்ந்து, முகத்தை அதற்கு நேரே கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நரைமுடி பறந்தது. "நல்லாத்தாம்லே இருக்கு," என்றாள்.

சுவரில் தொங்கிய இந்த வருடத்துக் காலண்டர் அந்தக் காற்றில் தாள் தாளாக எழும்பி அடித்துக்கொண்டது. அடுத்த அறையில் மைக்கைப் போட்டுக்கொண்டு நான் கேட்காமல் இருந்த சத்தம் அதுதான். இப்போது கேட்டேன். அவள் கண் திறக்கும்வரை நின்று கேட்டேன்.

இனி யாராவது என்னிடம் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், "எவ்வளவு?" என்று முதலில் கேட்பேன். அவர்கள் சொல்கிற எண்ணை நம்புவேன். கிளிப் அதற்குப் பிறகு. இது ஆராய்ச்சிக்கூடத்துக்கு உள்ளேயும், வெளியேயும். ஃபேன் மறுபடி பரணுக்குப் போகாது, எந்தச் சாரலிலும். அந்த உறையில் என்ன இருந்தாலும் எனக்கு இனி ஒன்றுதான். வேதனை இருந்த இடத்தைத் தொட்டதும் இல்லை, தலைமாட்டில் நின்றதும் இல்லை; இரண்டில் எதையும் நான் உங்களுக்குச் செய்யவில்லை.

உங்களுக்கு ஒன்று மட்டும். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னீர்களாமே, அந்த உத்தரவை ரத்து செய்துவிடுங்கள். லிஃப்டில், பஸ்ஸில், குக்கரில், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், நடுவில் எந்த மீட்டிங் இருந்தாலும், எழுந்து வருவேன்.

கூப்பிடு தூரத்தில், மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் மகன்
இசக்கி